தவக்காலத்தில் காணாமல் போன முட்டை

“உங்களை ஏடு திருடன்கிறாங்க, என்னை முட்டை திருடன்கிறாங்க. பழி விழறதுலகூட சாமிக்கு ஒரு தரம், எனக்கு ஒரு தரம்!”

பொக்கிஷ அறையின் கதவில் சாய்ந்துகொண்டு ஹெஸ்ஸோ அலுத்துக்கொண்டான். வெல்டன்பெர்க் பேராலயத்தில் மணி அடிப்பவன் அவன். முதலில் வயிறு வரும், பிறகு ஆள் வருவான். தவக்காலத்தின் நாலாவது வாரம் அது. முட்டை, வெண்ணெய், இறைச்சி எல்லாம் ஈஸ்டர் வரைக்கும் யார் வாயிலும் படக்கூடாது. சமையற்கட்டில் சேர்த்து வைத்த முட்டையில் ஒன்று குறைந்ததும், சமையற்காரி வெண்டிலா யோசிக்கவே இல்லை. நேராக மணிக்கூண்டு ஏறி வந்து இவனைத் திட்டிவிட்டுப் போயிருந்தாள்.

ஃபோல்க்மார் சாமியார் காது கொடுக்கவில்லை. மேசை மேல் திறந்திருந்த புத்தகத்தில் மூக்கு படாத குறையாகக் குனிந்திருந்தார்.

ஐம்பது வயது. ஒல்லி. பொக்கிஷ அறையின் ஒரே சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். மூன்று வருஷத்துக்கு முன் காணாமல் போன வெள்ளிக் கிண்ணத்தை ஒரு மெழுகுச் சொட்டை வைத்தே கண்டுபிடித்தவர். அதிலிருந்து ஊரில் ஆடு காணாமல் போனாலும் சரி, மருமகள் காணாமல் போனாலும் சரி, முதலில் அவரிடம்தான் வருவார்கள். இந்த முறையும் அவரிடம்தான் வந்தார்கள், ஆனால் திருடனைத் தேடச் சொல்லி அல்ல.

மேசை மேல் இருந்தது ‘ஆயர் கெர்வினின் வாழ்க்கை’. வெல்டன்பெர்க்கின் பிஷப்பாக இருந்த அந்த ஆயர் இறந்து நாளையோடு ஒரு வருஷம். நாளைக் காலை ஊரே கூடியிருக்க, இந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கப் போகிறார்கள். இருப்பது இந்த ஒரே பிரதி. நேற்று மாலை பேராலயத் தலைவர் ஹார்ட்ராட், வாசிக்க வேண்டிய இடங்களில் பட்டு நாடா வைக்கலாம் என்று திறந்தார். கடைசிப் பகுதியில் ஓர் ஏட்டை யாரோ கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

“இன்னிக்கு மாலைச் செப மணி அடிக்கிறதுக்குள்ள அந்த ஏடு என் கைக்கு வரணும்” என்று தலைவர் சொல்லியிருந்தார். “வரலேன்னா சாவியைக் கழட்டி வெச்சிடும், ஓய். நாளைக்கு நீர் குருக்களோட உட்காருறதா, கதவுப் பக்கம் பாவிகளோட நிக்கிறதாங்கிறதை அப்புறம் பார்ப்போம்.”

“மாலைச் செபத்துக்கு மணி அடிக்கிறவன் நான்தானே சாமி?” என்றான் ஹெஸ்ஸோ இப்போது. “நான் கயித்தை இழுக்கிற வரைக்கும் வெல்டன்பெர்க்ல சாயங்காலம் வராது. நிதானமா யோசிங்க.”

“ஊர் என்ன பேசிக்குது?”

“நிஜமா சொல்லணுமா?”

“சொல்லு.”

“ஃபோல்க்மார் சாமிக்கு வயித்தெரிச்சல், அதான் அறுத்துட்டாருன்னு பேசிக்குது. மாவு மில்லுக்காரன் பந்தயமே கட்டியிருக்கான்.”

“நீ எந்தப் பக்கம் கட்டினே?”

“உங்க பக்கம்தான். ஆனா சின்னதாத்தான் கட்டினேன்.”

ஃபோல்க்மாருக்குக் கோபம் வரவில்லை. ஊர் சொல்வதில் பாதி உண்மை. அவருக்கு வயிறு எரிந்தது; ஒரு வருஷமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

இருபது வருஷம் ஆயரின் கூடவே இருந்தவர் அவர். ஆயரின் கடிதங்களை எழுதியவர், வெள்ளத்தில் குதிரையைப் பிடித்து ஆற்றைக் கடத்தி விட்டவர், குளிர்காலத்தில் காலணிகளைக் கணப்பருகே வைத்துச் சூடேற்றிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட ஆயரின் வாழ்க்கையை எழுதும் வேலை யாருக்குப் போனது? ஊருக்கு வந்து மூன்றே வருஷமான லியூடோல்டுக்கு. பேராலயப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியன். முப்பது வயது, தேன் போன்ற குரல், முத்து முத்தான கையெழுத்து. அவன் மோசமாக எழுதுகிறவனாக இருந்தாலாவது ஃபோல்க்மார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதற்கும் வழியில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்று உள்ளே இருந்தது. ஆயரின் கடைசி நாள். ஆறு இரவுகள் கண் விழித்த ஃபோல்க்மாரை, கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டு லியூடோல்ட் உட்கார்ந்திருந்தான். விடிகிற நேரத்தில் மனசு கேட்காமல் ஃபோல்க்மார் திரும்பி வந்து படியில் நின்றார். லியூடோல்ட் கதவைப் பாதி திறந்து, “ஆயர் யாரையும் பார்க்க விரும்பலையாம்” என்றான். கதவு மூடியது. அடுத்த முறை அது திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாரையும் என்றால் தன்னையும்தான். அந்தச் சொல்லைத்தான் ஒரு வருஷமாக மென்றுகொண்டிருந்தார். புத்தகம் எழுதி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதைப் பூட்டிக் காத்தாரே தவிர, ஒரு பக்கம்கூடத் திறந்து பார்க்கவில்லை. நன்றாக எழுதியிருப்பானோ என்ற பயம்தான்.

“சாமி, அந்தத் துண்டையே எவ்வளவு நேரம் பார்ப்பீங்க? அது என்ன, செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போகுதா?”

“பண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. வந்து பார்.”

புத்தகத்தின் ஏடுகள் பதப்படுத்திய கன்றுத்தோல். ஓர் ஏடு அறுபட்ட இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் விளிம்பு மிச்சம் இருந்தது.

“கோபத்துல வந்தவன் ஒட்ட அறுத்திருப்பான்” என்றார் ஃபோல்க்மார். “ஒரே தோலை மடிச்சுத்தான் ரெண்டு ஏடு. ஒட்ட அறுத்தா, அந்த ஏட்டோட ஜோடி ஏடு தையல்லேருந்து கழண்டு விழும். புத்தகமே குலைஞ்சு போயிடும். இவன் அளந்து விட்டுட்டு அறுத்திருக்கான். புத்தகம் கட்டத் தெரிஞ்சவன்.”

“அதுவும் உங்களைத்தான் காட்டுது.”

“வாயை மூடு. இது என்ன சொல்லு.”

விளிம்பின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு பொன் கோடு வளைந்து மின்னியது. ஹெஸ்ஸோ கண்ணைச் சுருக்கினான்.

“தங்கம்.”

“தங்க ரேக்கு, மெல்லிசாத் தட்டின தகடு. லியூடோல்ட் அத்தியாயத்தோட முதல் எழுத்துக்குத் தங்கம் வெச்சு, அதுக்கு ஒரு வாலும் போடுவான். போன ஏட்டுல ஓர் அத்தியாயம் தொடங்குது. தங்க எழுத்து ஏட்டோட போயிடுச்சு, வால் மட்டும் இங்க மாட்டிக்கிச்சு.”

“சரி, தங்கத்துக்காகத் திருடினான்னு வைங்க. இதைச் சுரண்டினா ஒரு எலிக்குக்கூடத் தோடு செய்ய முடியாது.”

ஃபோல்க்மார் சிரிக்கவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

“ஹெஸ்ஸோ, தங்க ரேக்கைத் தோல்ல ஒட்ட என்ன வேணும்?”

“பசை.”

“என்ன பசை?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் கயிறு இழுக்கிறவன்.”

“முட்டை வெள்ளைக்கரு. நல்லா அடிச்சு நுரைக்க விட்டு, ஒரு நாள் தெளிய வெச்சு எடுக்கணும்.”

ஹெஸ்ஸோவின் வாய் மெல்லத் திறந்தது. மூன்று வாரத்துக்கு மேலாக அதற்குள் கருவாடும் பட்டாணியும் தவிர எதுவும் போகவில்லை என்பது வாசனையிலேயே தெரிந்தது.

“என் முட்டை!” என்றான்.

“உன் முட்டை.”

சமையற்கட்டில் வெண்டிலா கருவாட்டை மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். ஹெஸ்ஸோவைக் கண்டதும் சுத்தியல் இன்னும் உயரமாக எழுந்தது.

“வந்துட்டியா? இன்னொண்ணு வேணுமா?”

“வெண்டிலா, முட்டை என்னிக்குக் குறைஞ்சுது?” என்று கேட்டார் ஃபோல்க்மார்.

“முந்தாநாள் சாமி. சாம்பல்ல புதைச்சு ஈஸ்டருக்குச் சேர்த்து வெச்சிருக்கேன். தினமும் தடவிப் பார்ப்பேன். ஒண்ணு எடுத்த இடம் குழியா இருந்துது. இந்தத் தடியனைத் தவிர வேற யாரு வருவா?”

“எழுதுற கூடத்துக்குத் தவக்காலத்துலயும் முட்டை குடுப்பியே?”

“கேட்டுத்தான் வாங்கிக்குவாங்க. புத்தகம்தான் முடிஞ்சு போச்சே. ரெண்டு வாரமா யாரும் கேக்கல.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“எதுக்குன்னு கேட்டிருப்பேன்.”

“அதான் கேக்காம எடுத்திருக்கான்” என்று ஃபோல்க்மார் வெளியே வந்தார்.

முற்றத்து வெயிலில் சாம்பல் நிறப் பூனை ஒன்று நீட்டிப் படுத்திருந்தது. ஹெஸ்ஸோ மனசு இளகி, மடியில் ஒளித்து வைத்திருந்த கருவாட்டுத் தலையை அதன் முன் போட்டான். பூனை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பாத்தீங்களா திமிரை! நாலு நாளைக்கு முன்னாடி இதே தலைக்கு என் காலைச் சுத்தி வந்துச்சு.”

ஃபோல்க்மார் குனிந்து பூனையின் தாடையைப் பிடித்துத் தூக்கினார். வெள்ளை மீசையின் ஓரத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஊரே நோன்பு இருக்கு, இது மட்டும் ஈஸ்டர் கொண்டாடியிருக்கு” என்றான் ஹெஸ்ஸோ. “யார் வீட்டுப் பூனை சாமி இது?”

“பள்ளிக்கூடத்துப் பூனை. லியூடோல்டோட அறையிலதான் தூங்கும்.”

ஹெஸ்ஸோ கருவாட்டுத் தலையைப் பொறுக்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

“இருங்க. தங்க வேலைக்கு வெள்ளைக்கரு போதும். மஞ்சள் கரு மிச்சம். அவர் திங்கல?”

“தவக்காலத்துல அவன் வாயில முட்டை படாது. புத்தகத்தை அறுப்பான், சமையற்கட்டுல திருடுவான், நோன்பை மட்டும் முறிக்க மாட்டான். கீழே கொட்டவும் மனசு வந்திருக்காது. பூனைக்கு ஏது நோன்பு?”

“ஆனா சாமி, தான் எழுதின புத்தகத்தைத் தானே ஏன் அறுக்கணும்? பெத்த புள்ளையை எவனாவது கடிப்பானா?”

“அங்கேதான் ஊரே ஏமாந்தது. நானும் ஏமாந்தேன். மூணு நாளைக்கு முன்னாடி பிழை திருத்தணும்னு வந்து, ஒரு மணி நேரம் புத்தகத்தோட தனியா இருந்தான். அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காம நான் வெளியே போய் நின்னேன். என் பொறாமைதான் அவனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கு.” ஃபோல்க்மார் நடக்கத் தொடங்கினார். “புத்தகத்தைக் கெடுக்க நினைக்கிறவனுக்கு ஓட்டை போதும், ஹெஸ்ஸோ. ஓட்டையை அடைக்கப் புது ஏடு தயார் பண்றவன் யாரு? எழுதினவன் ஒருத்தன்தான். பசை தெளிய ஒரு நாள், எழுத ஒரு நாள். அதுக்குள்ள தலைவர் நாடாவைத் தூக்கிட்டு வந்துட்டார்.”

சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பியது. அது நல்ல குஷி இல்லை என்று அவருக்கே தெரிந்தது. நாளை கதவுப் பக்கம் நிற்கப் போவது அந்தத் தேன் குரல்!

லியூடோல்டின் அறைக் கதவு தாழிடப்படவில்லை. அவன் சன்னல் அருகே சாய்மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு புது ஏடு. அதன் தலைப்பில் பளபளக்கும் தங்க எழுத்து, நீண்ட வாலோடு. பக்கத்தில் ஒரு சிப்பியில் தெளிந்த வெள்ளைக்கரு.

“பூனையைக் குளிப்பாட்டியிருக்கலாம், தம்பி” என்றார் ஃபோல்க்மார்.

லியூடோல்ட் திரும்பிப் பார்த்தான். ஓடவில்லை, மறைக்கவில்லை. நாலு நாள் தூங்காத கண்கள்.

“நீங்கதான் வருவீங்கன்னு தெரியும்.”

“பழைய ஏடு எங்கே? எரிச்சிட்டியா?”

“முடியல.” மேசைப் பலகையைத் தூக்கி, அடியில் இருந்த ஏட்டை எடுத்து நீட்டினான். “அவர் கடைசியாப் பேசினது அதுலதான் இருக்கு. எப்படி எரிப்பேன்?”

ஃபோல்க்மார் வாங்கினார். லியூடோல்டைப் பற்றிய ஏதோ அசிங்கம் இருக்கும் என்று ஆசையாகத்தான் படித்தார். படித்து முடித்து, முதலிலிருந்து மறுபடியும் படித்தார்.

“சத்தமா படிங்க சாமி, எனக்கு எழுத்து தெரியாது” என்றான் ஹெஸ்ஸோ. ஃபோல்க்மார் படிக்கவில்லை.

“நான் படியில நின்னுக்கிட்டிருந்தேன்” என்றார். “நாலே படி.”

“தெரியும்.”

“யாரையும் பார்க்க விரும்பலைன்னு சொன்னியே!”

“சொன்னேன்.” லியூடோல்ட் பேனாவைக் கீழே வைத்தான். “எனக்குப் பொறாமை. நான்தான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அவர் கண்ணைத் திறக்கிறார், உங்க பேரைச் சொல்றார். மூணு தடவை. என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லல. ரெண்டு வருஷம் அவருக்காகப் பாட்டு எழுதினேன், படிச்சுக் காட்டினேன். சிரிப்பார், தலையாட்டுவார். காலணி வேணும்னா உங்களைத்தான் கூப்பிடுவார்.”

ஃபோல்க்மார் அவனையே பார்த்தார். இவனா தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான்? காலணி சூடேற்றியதற்கா?

“அப்புறம் எதுக்கு அதை எழுதினே?”

“ஆயரோட வாழ்க்கையில பொய் எழுத மாட்டேன்னு பலிபீடத்துல கை வெச்சு சத்தியம் பண்ணியிருந்தேன். எழுதிட்டேன். நாளைக்கு ஊர் முன்னாடி, உங்க முன்னாடி அதை வாசிக்கிறதை நினைச்சேன், தாங்கல. அந்த வரிகளை விட்டுட்டுப் புது ஏடு எழுதினேன்.”

“அதுக்குப் பழி என் தலையிலயா?”

“அதை நான் நினைக்கல. நேத்து பழி உங்க மேல விழுந்ததும் பேசாம இருந்துட்டேன். அது அறுத்ததைவிடப் பெரிய பாவம்.”

ஹெஸ்ஸோ தொண்டையைக் கனைத்தான். “சாமி, சூரியன் இறங்குது. நான் எவ்வளவு நேரம்தான் சாயங்காலத்தைப் பிடிச்சு வைக்க முடியும்?”

ஃபோல்க்மார் நகரவில்லை. அவருக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்கப் பிடிக்காமல்தான் கேட்டார்.

“உயிர் போன நேரத்துல அவர் தனியா இருந்தாரா?”

“இல்ல. என் கையைப் பிடிச்சிருந்தார். இறுக்கமா. எல்லாம் முடிஞ்சப்புறம் விரலை ஒண்ணொண்ணா எடுக்க வேண்டியிருந்துது.”

“அது ஏட்டுல இல்லையே.”

“அது ஒண்ணுதான் எனக்குக் கிடைச்சுது. எனக்குன்னு வெச்சுக்கிட்டேன்.”

ஃபோல்க்மாரின் வயிற்றில் அணையப் போன நெருப்பு மறுபடி குப்பென்று பற்றியது. பெயர் தனக்குக் கிடைத்தது, சரி. கை இவனுக்குக் கிடைத்திருக்கிறதே! அவர் சிப்பியை எடுத்தார், இறகுப் பேனாவை எடுத்தார், மைக்கூட்டையும் எடுத்தார்.

“மாலைச் செபத்துக்குப் பொக்கிஷ அறைக்கு வா” என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

வெள்ளைக்கரு தங்கத்தை மட்டும் ஒட்டும் பசை அல்ல. மிச்சமிருந்த விளிம்பில் அதைத் தடவி, பழைய ஏட்டை அதன் மேல் பொருத்தி, ஃபோல்க்மார் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். ஏட்டின் அடியில் ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மையில் தொட்டு எழுதினார்.

“என்ன எழுதுறீங்க சாமி?”

“ஒரு வருஷமா எழுத ஆசைப்பட்ட புத்தகம். அதுல ஒரு வரி. நீ போய்க் கயித்தைப் பிடி. பசை காயட்டும், அப்புறம் இழு.”

அன்று வெல்டன்பெர்க்கில் சாயங்காலம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ரொட்டிக் கடைக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவழியாக மணி அடித்ததும் தலைவர் ஹார்ட்ராட் உள்ளே வந்தார். பின்னாலேயே லியூடோல்ட் சுவரோரமாக வந்து நின்றான். கயிற்றை விட்ட கையோடு ஹெஸ்ஸோவும் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

தலைவர் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார். பார்வை மங்கியவர், விரல்தான் அவருக்குக் கண்.

“ஏடு வந்துடுச்சே! எடுத்தது யாரு?”

ஃபோல்க்மார் நாக்கு நுனி வரை வந்த பெயரை விழுங்கினார். “சுவரோரமா நிக்கிறவரை வாசிக்கச் சொல்லுங்க. ஏடே சொல்லும்.”

லியூடோல்ட் முன்னால் வந்தான். தேன் குரல் முதல் வரியிலேயே உடைந்தது.

“‘விடியும் நேரத்தில் ஆயர் கண் திறந்து, ஃபோல்க்மார் எங்கே என்று மூன்று முறை கேட்டார். அவர் உறங்குகிறார் என்று அருகில் இருந்தவன் சொன்னான். அது பொய். ஆயர் சொன்னார்: உறங்கட்டும், எழுப்ப வேண்டாம். இருபது ஆண்டுகள் எனக்காக விழித்திருந்தவன் அவன்.’”

ஹெஸ்ஸோ மூக்கை உறிஞ்சினான்.

“பொய் சொன்னவன் யாரு?” என்றார் தலைவர்.

“நான்தான். ஏட்டை அறுத்ததும் நான்தான். முட்டையை எடுத்ததும் நான்தான்.”

“கேட்டுக்குங்க, முட்டை! வெண்டிலாகிட்ட இதை யாராவது சத்தமா சொல்லணும்” என்றான் ஹெஸ்ஸோ.

“நாளைக்கு ஊர் முன்னாடி இதை நீர்தான் வாசிக்கணும்” என்றார் தலைவர் லியூடோல்டிடம். “ஒரு சொல் விடாம. மத்த தண்டனையை அப்புறம் பேசுவோம். சாவி ஃபோல்க்மார்கிட்டயே இருக்கட்டும். ஏடு முடிஞ்சுதா?”

லியூடோல்ட் ஏட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஒரு வரி இருக்கு” என்றான். “இது நான் எழுதினதில்ல.”

“வாசியும்.”

“‘லியூடோல்ட் அவர் கையைப் பிடித்திருந்தான், கடைசி வரை விடவில்லை.’”

லியூடோல்ட் வாயைப் பொத்திக்கொண்டான். தலைவர் மங்கிய கண்களை ஃபோல்க்மார் இருந்த பக்கம் திருப்பினார்.

“உமக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாதே, ஓய். இதை எதுக்கு எழுதினீர்?”

“எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா தினமும் என்னையே அரிச்சுக்கிட்டிருக்கும்” என்றார் ஃபோல்க்மார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே. “நாளைக்கு ஊரே கேக்கட்டும். ஆளுக்குக் கொஞ்சம் வயிறு எரிஞ்சா எனக்குப் பாரம் குறையும்.”